வில்லங்கம் பார்த்தது யார்?

மாமா பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அறந்தாங்கிப் பக்கம் மாப்பிள்ளை வீடு. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பையனும் பெண்ணும் மொட்டை மாடியில் தனியாகப் பேசி, இருவருக்கும் பிடித்துப்போய், இனி தட்டு மாற்ற நாள் குறிப்பதுதான் பாக்கி என்ற நிலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் வந்தார். காபி குடித்தார். தோப்பில் எத்தனை மரம், இளநீருக்கு விடுகிறீர்களா தேங்காய்க்கா என்றெல்லாம் விசாரித்தார். அப்புறம் சட்டைப்பையில் இருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மாமாவிடம் நீட்டி, "கடைமனை மேல 12 லட்சம் நிக்குது போலிருக்கே, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டார். வில்லங்கச் சான்று. ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும் தாள். மாமா பெயரில் உள்ள கடைமனையின் புல எண்ணைப் போட்டு இணையத்தில் எடுத்தது.

அந்தக் கடனின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைத்தால் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை குடும்பம் ஓட வேண்டும். மாமா டவுனில் இருந்த கடைமனையின் மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கினார். எம்.ஓ.டி. என்று சொல்வார்கள். கடனை முழுவதும் கட்டி முடித்துப் பத்திரத்தையும் வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. பத்திரம்தான் கைக்கு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அலைவது என்று விட்டுவிட்டார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள். ரசீது பதியாதவரை வில்லங்கத்தில் அந்தக் கடன் உயிரோடுதான் இருக்கும்.

மாமா பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பெரியப்பா பார்த்தார், தலையாட்டினார். ஆனாலும் பேச்சு சுரத்தில்லாமல் போய், இரண்டு வாரத்தில் நின்றே போனது. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, அதனால் யாரும் வருத்தப்பட வேண்டாம். என்னை உறுத்தியது அத்தை அன்று ராத்திரி சொன்னது. "கடன் வாங்குனது பேங்க் மேனேஜருக்குத் தெரியும், உங்க மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் அதைப் பையில போட்டுக்கிட்டு நம்ம வீட்டுக்கே வந்து காபி குடிக்கிறாரு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு பக்கம், அந்தப் பெரியப்பா செய்ததில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. எதையும் திருடவில்லை, யாருக்கும் கையூட்டு தரவில்லை. நானே அந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

நான் திறந்த கதவின் கட்சி

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கலாம் என்று அலைந்துகொண்டிருந்தபோது ஒரு இடம் பிடித்திருந்தது. கிழக்குப் பார்த்த மனை, விலையும் கைக்கு அடக்கம். விற்கிறவர் பேச்சில் தேன் வடிந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், கடைசிப் பதிவாக ஒரு கிரைய ஒப்பந்தம். ஏற்கெனவே இன்னொருவரிடம் முன்பணம் வாங்கிப் பதிந்து கொடுத்திருக்கிறார். அதை ரத்து செய்யவும் இல்லை. அந்தத் தாள் பார்வைக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால் என் சேமிப்பு முழுவதும் போயிருக்கும். அன்றிலிருந்து நிலப் பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்தக் கிரைய ஒப்பந்தம் வில்லங்கத்தில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளைத் தாளிலோ முத்திரைத் தாளிலோ எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வார்கள். தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரங்களின் கதை இன்னும் மோசம். அவற்றில் பல பதிவு அலுவலகத்தின் 4-ஆம் புத்தகத்தில் போய் உட்காரும். அந்தப் புத்தகத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது, வில்லங்கத்திலும் வராது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். 2012-இல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைத் திருத்தி, பவர் பத்திரம், கிரைய ஒப்பந்தம், வங்கியில் பத்திரம் ஒப்படைத்துக் கடன் வாங்குவது ஆகியவற்றைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறை. ஒரே பத்திரத்தை நகலெடுத்து நாலு வங்கியில் கடன் வாங்குகிற வேலைக்கும் அதில்தான் பூட்டு விழுந்தது.

கவனித்துப் பார்த்தால், என் சேமிப்பைக் காப்பாற்றியதும் மாமாவின் கடனை வெளியே கொண்டுவந்ததும் அந்த ஒரே திருத்தம்தான். நல்ல சட்டம், கெட்ட சட்டம் என்று பிரித்து ஒரு பக்கம் நின்றுகொள்ள எனக்கு இடம் கொடுக்கவில்லை. "எல்லாம் திறந்திருக்கட்டும்" என்று நான் சொன்னால் அத்தையின் முகம் நினைவுக்கு வருகிறது. "எல்லாவற்றையும் மூடுங்கள்" என்றால் செங்கல்பட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார்.

ரேகை விவகாரம்

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது, தெளிவாக முடிவு சொல்லக்கூடிய ஒரு சங்கதியை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. விரல் ரேகை. 2001-இல் மத்திய அரசு பதிவுச் சட்டத்தில் 32-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. பத்திரத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் இருக்க வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான். நல்ல நோக்கம். அப்போது ரேகை என்பது நீலமோ கறுப்போ மையில் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதைக் கொண்டு பணம் எடுக்க முடியும் என்று 2001-இல் யார் நினைத்தார்கள்?

பிறகு ஆதார் வந்தது, ஆதாரோடு ஏ.இ.பி.எஸ். வந்தது. வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை மூன்றும் இருந்தால் கிராமத்து வங்கி முகவரின் சின்னக் கருவியிலேயே பணம் எடுக்கலாம். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். விற்றவர், வாங்கியவர் ஆதார் எண் முதல் பத்தியிலேயே இருக்கும். ரேகை இருக்கும். பணம் எந்த வங்கிக் காசோலையில் கொடுக்கப்பட்டது என்றுகூட எழுதியிருக்கும். மூன்றும் ஒரே தாளில்.

2018-இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர் பிடிபட்டார். பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த பத்திரங்களில் இருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்கிற முறையில் விரல் நகல்கள் செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். அவருடைய குறி விற்பனை இலக்கை எட்டுவது மட்டும்தான் என்பதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2023-இல் பெங்களூரில் நடந்தது அப்படி இல்லை. பத்திரம் பதிந்தவர்களின் வங்கிக் கணக்கில் இருந்து ஏ.இ.பி.எஸ். வழியாகப் பணம் போனது. போலீஸ் தேடிப் போனபோது தடம் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் கிடைத்த பத்திர நகல்களில் போய் நின்றது. அதற்கு அப்புறம்தான் ரேகையை மறைத்து நகல் தருவது என்று முடிவானது.

ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஆதார் எண்ணையோ ரேகையையோ பொதுவில் வெளியிடக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் ரேகையைத் தாளில் வை என்கிறது, இன்னொரு சட்டம் அந்தத் தாளை யார் கேட்டாலும் நகல் கொடு என்கிறது, மூன்றாவது சட்டம் ரேகையை யாருக்கும் காட்டாதே என்கிறது. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்த அதிகாரி நாட்டில் ஒருவராவது இருந்திருப்பார், அவர் சொன்னதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மனை வாங்குகிறவனுக்கு விற்கிறவரின் ரேகைப் படம் எதற்கு? சந்தேகம் வந்தால் பதிவாளர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும், நீதிமன்றம் கேட்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இதைப் படிக்கிறவர்கள் ஆதார் செயலியில் போய் ரேகையைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

ஆனால் அத்தையின் கேள்வி ரேகையைப் பற்றியது அல்ல. ஆதார் எண், ரேகை, கைபேசி எண் எல்லாவற்றையும் கறுப்பு மை பூசி மறைத்தாலும் அந்த 12 லட்சம் அங்கேதான் நிற்கும். அது மறைக்கக்கூடிய செய்தி இல்லை. வில்லங்கச் சான்று இருப்பதே அதைச் சொல்லத்தான்.

பத்திர எழுத்தர் சொன்னது

விட்டுப்போன ரசீதைப் பதிய மாமாவோடு போயிருந்தேன். அலுவலகத்துக்கு எதிரே ஒரு கொட்டகையில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த வாசலிலேயே இருக்கிறவர். டோக்கன் வர நேரமிருந்தது. டீ வாங்கிக் கொடுத்து, பழைய காலத்தில் வில்லங்கம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

உள்ளே இரண்டு வகை அட்டவணைப் புத்தகம் இருக்கும் என்றார். ஒன்று ஆள் பெயரைக் கொண்டு தேடுவது, இன்னொன்று ஊர், புல எண் வழியாகத் தேடுவது. மனுப் போட்டு, எத்தனை வருஷத்துக்குத் தேட வேண்டுமோ அதற்கேற்பப் பணம் கட்டினால், அலுவலக எழுத்தர் ஒவ்வொரு வருஷத்துப் புத்தகமாக எடுத்து விரலால் தடவிக்கொண்டே போவார். கட்டுக்கட்டாகப் பழுப்பேறிய ஏடுகள், ஓரங்களைச் செல் அரித்திருக்கும், தும்மல் நிற்காது. முப்பது வருஷ வில்லங்கம் என்றால் கைக்கு வர நாள் கணக்கில் ஆகும். அதுவும் அந்தந்த அலுவலகத்தின் எல்லைக்குள் மட்டும். ஒரு ஆளுக்கு ஏழு ஊரில் நிலம் இருந்தால் ஏழு அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்.

"அப்பவும் யார் வேணும்னாலும் பார்க்கலாம்தானே அண்ணே?" என்றேன். பார்க்கலாம்தான். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நிலப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகமும் அதன் அட்டவணைகளும் கேட்கிற எவருக்கும் திறந்திருக்கும். உயில்கள் இருக்கும் 3-ஆம் புத்தகம் மட்டும் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே எதைத் திறப்பது, எதை மூடுவது என்று யோசித்துத்தான் பிரித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "பார்க்கலாம் தம்பி. ஆனா யாரு பார்க்குறான்னு எனக்குத் தெரியும்ல. மனுவுல பேரு, ஊரு இருக்கும். நான்தான எழுதிக் குடுக்கிறேன். சம்பந்தமில்லாத ஆளு ஒருத்தன் உங்க மாமா இடத்துக்கு வில்லங்கம் கேட்டான்னா, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல உங்க மாமாவைப் பார்க்குறப்ப 'என்னண்ணே, இடத்தைக் கொடுக்கப் போறீங்களா, ஒருத்தர் வந்து வில்லங்கம் போட்டாரே'ன்னு கேட்ருவேன். இப்ப அவன் போன்ல பார்க்குறான். எனக்கும் தெரியாது, உங்க மாமாவுக்கும் தெரியாது, உள்ள இருக்கிற சார்பதிவாளருக்கும் தெரியாது."

நான் அதுவரை காட்டப்படுகிற செய்தியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம், எந்தக் கட்டத்தில் மை பூசலாம். அவர் பேசியது பார்க்கிற ஆளைப் பற்றி. பழைய முறையில் பார்க்கப்பட்டவரும் தெரிந்தார், பார்த்தவரும் தெரிந்தார். கணினிக்குக் கொண்டுபோனபோது பதிவேட்டில் இருந்த வரிகளை எல்லாம் அப்படியே ஏற்றிவிட்டோம். மனுவில் இருந்த பெயரையும் பஸ் ஸ்டாண்டுப் பேச்சையும் ஏற்றவில்லை. அவை பதிவேட்டின் பகுதி என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்றைக்குத் தளம் ஓடிபி கேட்டாலும் கேட்காவிட்டாலும், பார்த்தது யார் என்பது நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரிய வழியில்லை. கல்யாணப் பேச்சில் தாளை எடுத்து நீட்டிய அந்தப் பெரியப்பா ஒருவகையில் நேர்மையானவர். தான் பார்த்ததை முகத்துக்கு நேரே சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

வெற்று வில்லங்கத்தின் ஆபத்து

சொல்லாமல் பார்க்கிறவர்கள் யார் என்று எழுத்தர் வரிசையாகச் சொன்னார். கடன் தருகிற ஏஜெண்டுகள், பங்காளிச் சண்டையில் இருக்கிறவர்கள், ஊருக்கே விலை நிர்ணயம் செய்கிற புரோக்கர்கள். இவர்களெல்லாம் தொல்லைதான், ஆபத்து இல்லை. ஆபத்தானவன் தேடுவது கடன் நிற்கிற மனையை அல்ல, ஒன்றுமே நடக்காத மனையை. 1980-களில் ஒருமுறை வாங்கிப் பதிந்தது, அதற்கப்புறம் விற்பனை இல்லை, அடமானம் இல்லை, செட்டில்மெண்ட் இல்லை. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது. வாங்குகிறவனுக்கு அது நிம்மதி. மோசடிக்காரனுக்கு அது வேறு செய்தி: சொந்தக்காரர் வயதானவர், அல்லது வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது இறந்து வாரிசுகள் பெயர் மாற்றாமல் கிடக்கிறது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

அடுத்து அந்தப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போடுகிறான். கிடைக்கும், சட்டம் அப்படி. அசல் தொலைந்துவிட்டது என்று புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்றிதழ், சொந்தக்காரரின் வயதில் ஒரு ஆள், அவர் பெயரில் ஒரு அடையாள அட்டை. அப்புறம் பவர், அப்புறம் கிரையம், அதற்கு மேல் இன்னொரு கிரையம். சிங்கப்பூரில் இருந்து பேரனுக்கு மொட்டை போட ஊருக்கு வருகிறவர் தன் மனையில் யாரோ காம்பவுண்டு சுவர் கட்டியிருப்பதைப் பார்க்கிறார். இந்த நாடகத்தில் முதல் காட்சி எப்போதும் ஒன்றுதான். யாரோ ஒருவர் வில்லங்கம் பார்த்திருப்பார், நகல் எடுத்திருப்பார். அந்த இடத்திலேயே சொந்தக்காரரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருந்தால் மீதிக் காட்சிகளுக்கு வேலையே இல்லை.

இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டை 1990 டிசம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே ஒரு வீட்டின் முகவரியைக் கொடுத்து அது யாருடையது என்று எவரும் கேட்கலாம். ஒரு ஆளின் பெயரைக் கொடுத்து அவருக்கு எங்கெல்லாம் சொத்து என்று எவரும் கேட்க முடியாது. பெயர் அட்டவணைக்குக் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பதிவான ஆவணத்தில் தொழில் ரகசியம், சொந்த விவரம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவைக்கத் தனியாக விண்ணப்பிக்கவும் முடியும். சொத்தில் ஏதாவது மாற்றத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பும் இலவசச் சேவையும் உண்டு. ஆனாலும் நம் பத்திர எழுத்தர் சொன்னதற்குக் கிட்டத்தில் நிற்பது ஜெர்மனிதான். அங்கே நியாயமான காரணம் காட்டுபவர்தான் பதிவேட்டைப் பார்க்கலாம். அது பழைய விதி. 2014-இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: யார் பார்த்தாலும் குறித்து வைக்க வேண்டும், சொந்தக்காரர் கேட்டால் அந்தக் குறிப்பைக் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மூடினால் யாருக்கு லாபம்

மறைப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தெலங்கானாவில் 2020-இல் வந்த தரணி தளத்தில், உரிமையாளர் விரும்பினால் தன் நில விவரத்தைப் பொதுப் பார்வையில் இருந்து மறைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அந்தரங்கத்துக்கான ஏற்பாடு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் அந்தப் பொத்தானை அழுத்துவார்கள்? என் அத்தைக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் வேறு ரகம். பெரிய கைகள் தங்கள் நிலத்தை மறைத்துக்கொள்ளத்தான் அது உதவியது என்று எதிர்ப்புக் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை. புறம்போக்கு நிலம் தனியார் பெயருக்கு மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கிற ஊர்க்காரரும் நிருபரும் திறந்த பதிவேட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பார்த்தவர் பெயரை அந்தப் பெரிய கைக்கு அப்படியே காட்டிக்கொடுத்தால் மறுநாள் அந்த ஊர்க்காரர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அதனால் அரசு நிலம், கோயில் நிலம், கம்பெனிகளின் நிலம் இவற்றுக்குப் பார்த்தவர் குறிப்பு தேவையே இல்லை, எவரும் பெயர் சொல்லாமல் பார்க்கட்டும். தேர்தலில் நிற்கிறவர்கள் எப்படியும் வேட்புமனுவோடு படிவம் 26-இல் தங்கள் நிலத்தை எழுதித்தான் ஆக வேண்டும். நான் பேசுவது மாமாவின் கடைமனை மாதிரி இடங்களுக்கு.

சட்டம் இதில் கைகொடுக்குமா என்று தேடிப் பார்த்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு வந்த 2023-ஆம் வருஷ டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பிக்கையோடு திறந்தேன். 3-ஆம் பிரிவிலேயே நின்றுவிட்டேன். சட்டப்படி பொதுவில் வைக்கும் கடமை உள்ளவர் பொதுவில் வைத்த தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதாம். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அந்தக் கடமையைத்தான் சொல்கிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் நான் படித்தவரை அத்தைக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறார்கள். ஆதாரோடும் கைபேசி எண்ணோடும் அவருடைய நிலங்கள் எல்லாம் ஒரே எண்ணின் கீழ் வந்துவிடும். 2025-இல் நம் ஊர்களிலும் முகாம் போட்டுப் பதிந்தார்கள், மாமாவும் வரிசையில் நின்று பதிந்து வந்தார். பயிர்க் காப்பீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய காலத்தில் ஏழு அலுவலகம் ஏறி இறங்கித் தேட வேண்டியிருந்ததே, அந்தப் பெயர் அட்டவணை இப்போது முழுசாகத் தயாராகிறது. அதைத் திறக்கிற அதிகாரியின் பெயராவது எங்காவது பதியுமா, அந்தக் குறிப்பை விவசாயி கேட்டால் காட்டுவார்களா என்று முகாமில் இருந்த அலுவலரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அவரிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்று புரிந்தது.

நார்வேயில் வருமான வரி விவரம் பொதுவானது. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று யாரும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 2014 முதல் யார் தேடினார்கள் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியும் என்று மாற்றினார்கள். ஒரு வரியைக்கூட மறைக்கவில்லை. தேடல்கள் சரசரவென்று இறங்கிவிட்டன. உண்மையிலேயே தேவை உள்ளவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

நம் நிலப் பதிவேட்டிலும் இப்படிச் செய்யலாமே என்று பத்திர எழுத்தரிடம் சொன்னபோது அவர் பெரிதாக அசரவில்லை. "ஆளை வெச்சுப் பார்ப்பாங்க தம்பி. எனக்கு நூறு ரூபா குடுத்தா நான் என் நம்பர்ல பார்த்துச் சொல்லப் போறேன்" என்றார். சரிதான். ஆனால் அப்படிப் பார்த்தால் மாமாவின் கைபேசியில் அவர் எண் வந்து நிற்கும், மாமா நேரே அந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவார். ஒரு கிராமத்தின் அத்தனை புல எண்ணையும் ஒரே ராத்திரியில் ஒரே எண்ணில் இருந்து துழாவுகிற புரோக்கர் மறுநாள் ஊருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். பத்திர எழுத்தர் யோசித்தார். "பங்காளி பார்த்தான்னு தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிரும்" என்றார் அடுத்து. வாய்ச் சண்டை வரும், அதை மறுக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் வில்லங்கம் பார்க்கிற அளவுக்குப் போன பிறகு அந்தச் சண்டை ஏற்கெனவே வந்தாயிற்று, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றேன். அதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.